சூடு கண்ட பெட்டி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலருக்காக எழுதும்போது பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)



"அமெரிக்காவில் நீ என்னதான் செய்கிறாய் என்று இருபது நிமிஷம் பேசு" என்று செயலாளர் கட்டளை போட்டார். எனக்கு முன்னால் பேசிய நண்பர் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பிரமாதமாகப் பேசிவிட்டுப் போனார். நான் பேச வந்திருப்பது லாரியில் மாட்டுகிற ஒரு ரேடியோப் பெட்டியைப் பற்றி. அது ஏன் சூடாகிறது, சூடானால் ஏன் சாகிறது, செத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதுதான் விஷயம். எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் அல்லாதவர்கள் பயப்பட வேண்டாம். ஒரே ஒரு கணக்குதான் போடுவேன், அதுவும் கூட்டல் பெருக்கல்.

சி.பி. ரேடியோ என்று சொன்னால் இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. 'சிட்டிசன்ஸ் பேண்ட்', அதாவது குடிமக்களுக்கென்று ஒதுக்கிய அலைவரிசை. இன்றைய வடிவில் அமெரிக்காவில் 1958-ல் வந்தது. 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டி 40 சானல்கள். 1977-க்கு முன்னால் 23 தான் இருந்தன. பரீட்சை கிடையாது. 1983-லிருந்து லைசென்ஸும் கிடையாது. யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கி, மாட்டி, பேசலாம். முக்கியமான கட்டுப்பாடு, ஏ.எம். கேரியர் 4 வாட்டைத் தாண்டக் கூடாது. அந்த 4 வாட்டில் சாலையில் சாதாரணமாக ஒரு சில கிலோமீட்டர்தான் போகும். மேடு பள்ளம், வானிலை, ஆன்டெனா எல்லாவற்றையும் பொறுத்து அது கூடும், குறையும்.

இதை லாரிக்காரர்கள் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது 1973-ம் வருடத்து எண்ணெய் நெருக்கடி. டீசல் தட்டுப்பாடு, அதைத் தொடர்ந்து 1974-ல் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் வேக வரம்பு. எந்த பங்க்கில் டீசல் இருக்கிறது, எந்தப் பாலத்துக்குப் பின்னால் போலீஸ் ஒளிந்திருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள இந்தப் பெட்டி உதவியது. அப்புறம் அதை வைத்துப் பாட்டு வந்தது, சினிமா வந்தது, சாதாரணக் கார்க்காரர்கள்கூட வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அந்த மோகம் சீக்கிரமே அடங்கிவிட்டது. லாரிகளில் மட்டும் 19-ம் சானல் மிஞ்சி நின்றது.

"இப்போதுதான் எல்லோரிடமும் செல்போன் இருக்கிறதே, இது எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லாரிக்காரர்களிலேயே பல பேர் இதைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னால் போகிற லாரியின் டிரைவருக்கு நீங்கள் போன் பண்ண முடியுமா? அவர் யார், நம்பர் என்ன, ஒன்றும் தெரியாது. சி.பி.யில் நம்பர் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்கும், தூரத்தில் இருப்பவனுக்குக் கேட்காது. அந்தக் குறைதான் அதன் பலம்.

அரிசோனாவில் ஃபீனிக்ஸிலிருந்து டூசானுக்குப் போகும் ஐ-10 நெடுஞ்சாலையில், பிக்காச்சோ பீக் என்ற குன்றை ஒட்டிய பகுதியில் திடீரென்று புழுதிப் புயல் வரும். வெறும் காற்று இல்லை, பழுப்பு நிறச் சுவர் மாதிரி வரும். உள்ளே நுழைந்தால் பானட்டே தெரியாது. 2013 அக்டோபர் 29 அன்று அங்கே 19 வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி 3 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் 2020-ல் அந்த மாநிலச் சாலைத் துறை சுமார் 10 மைல் நீளத்துக்குப் புழுதியைக் கண்டுபிடிக்கும் ரேடார், சென்சார், வேக வரம்பைத் தானே மாற்றும் பலகை எல்லாம் வைத்தது. நல்ல வேலை. மற்ற இடங்களில் ஒரு லாரி டிரைவருக்கு முதலில் எச்சரிக்கை வரக்கூடிய வழிகளில் முக்கியமானது, முன்னால் போகிறவன் மைக்கை அமுக்கி, "எல்லாம் நின்னு கிடக்கு, மெதுவா வா" என்று சொல்வதுதான். அந்தப் புழுதிக் காற்றும் கடும் வெயிலும் பெரும்பாலும் ஒரே மாதங்களில்தான் வருகின்றன. பெட்டி சாவதும் அந்த மாதங்களில்தான். என் பேச்சின் மையம் இதுவே.

இப்போது கணக்கு.

4 வாட் வெளியே அனுப்புகிற செட் பேட்டரியிலிருந்து எவ்வளவு எடுக்கிறது? பேசிக்கொண்டிருக்கும்போது சுமார் 2 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடும்போது 13.8 வோல்ட். பெருக்கினால் 27 வாட்டுக்கு மேல். ஆன்டெனாவுக்குப் போவது, குரலையும் சேர்த்துச் சராசரியாக ஐந்தாறு வாட். மிச்சம் 20 வாட்டுக்கு மேல் எங்கே போகிறது? பெட்டிக்குள்ளேயே சூடாக நிற்கிறது. நம்ம லாபில் 25 வாட் சால்டரிங் அயர்ன் வைத்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதைச் சூடாக்கி ஒரு டிபன் பாக்ஸுக்குள் போட்டு மூடினால் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அந்த நிலைமைதான்.

இதற்குக் காரணம் ஏ.எம். என்ற முறை. நூறு சதவீத மாடுலேஷனில் உச்சத்தில் வோல்டேஜ் இரட்டிப்பாகிறது, சக்தி நான்கு மடங்காகிறது. 4 வாட் கேரியர் ஒரு கணம் 16 வாட்டைத் தொடும். அந்த உச்சத்துக்கு இடம் வைக்க வேண்டும் என்பதால், பல செட்டுகளில் கடைசி டிரான்ஸிஸ்டருக்கு சப்ளையில் பாதி வோல்டேஜைத்தான் கொடுப்பார்கள். மீதிப் பாதியை நடுவில் ஒரு டிரான்ஸிஸ்டர் தாங்கிக்கொண்டு நிற்கும். அதாவது நீங்கள் மைக்கை அமுக்கிவிட்டு ஒன்றுமே பேசாமல் சும்மா இருந்தால்கூட, அந்த நடு டிரான்ஸிஸ்டர் எரிந்துகொண்டுதான் இருக்கும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி என்று நான் ஜூனியர் பையன்களுக்குச் சொல்வது வழக்கம். 2021-ல் அமெரிக்காவின் எஃப்.சி.சி. இந்த அலைவரிசையில் எஃப்.எம்.மையும் அனுமதித்துவிட்டது. அதில் குரல் ஏறினாலும் இறங்கினாலும் கேரியர் ஒரே அளவுதான், இந்த நடு ஆள் அவஸ்தை இல்லை. ஆனால் ரோட்டில் எல்லோரும் ஏ.எம்.மில் இருக்கும்போது நான் மட்டும் எஃப்.எம்.மில் பேசி யாருக்குக் கேட்கும்?

சரி, அந்த நடு டிரான்ஸிஸ்டர் 8 வாட் எரிக்கிறது என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் சிலிக்கானிலிருந்து உறை, மைக்கா, பசை எல்லாம் தாண்டி ஹீட் சிங்க் வரை வாட்டுக்கு 7 டிகிரி. 56 டிகிரி ஆயிற்று. பெட்டியின் முதுகுத் தகடு காற்றுக்குச் சூட்டைத் தள்ள வாட்டுக்கு 2 டிகிரி. மொத்தம் 20 வாட்டுக்கு 40 டிகிரி. இரண்டும் சேர்ந்து 96. கம்பெனி மேஜையில் ஏ.சி. போட்டு 25 டிகிரி. ஆக சிலிக்கானில் 121. அதன் எல்லை 150. பாஸ்! சீல் குத்தி அனுப்பு!

அதே பெட்டியை லாரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே காற்று 60 டிகிரி. கூட்டிப் பாருங்கள், 156.

60 டிகிரி என்று மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2018-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து, கோடை வெயிலில் கார்களை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்து அளந்தார்கள். உள்ளே காற்று சராசரியாக 47 டிகிரி, டாஷ்போர்டு 69 டிகிரி. அது கார். லாரியில் இந்தப் பெட்டியை எங்கே மாட்டுகிறார்கள் தெரியுமா? டிரைவர் தலைக்கு மேலே, முன் கண்ணாடிக்கு மேல் ஒரு அலமாரி மாதிரி இருக்கும், அதில். வண்டி கம்பெனிகளே அங்கே சிவப்பும் கறுப்புமாக இரண்டு முனைகளும் ஆன்டெனா ஒயரும் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். வசதிதான். ஆனால் சூடான காற்று மேலே ஏறும் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்தோமே! அந்த அலமாரிக்கு மேலே வெயிலில் காய்கிற கூரை. பின்னால் காற்றுப் போக வழியில்லை. செட்டின் கீழ்ப்பக்கம் ஸ்பீக்கர், அது பலகையில் அடைத்துக்கொண்டு கிடக்கும். சில பேர் ஆடாமல் இருக்கட்டும் என்று சுற்றிலும் ஸ்பாஞ்ச் வேறு திணித்து வைப்பார்கள். குழந்தைக்குக் கம்பளி சுற்றுகிற மாதிரி.

இதில் டிரைவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சரக்கு ஏற்ற, இறக்க மணிக்கணக்கில் வெயிலில் நிற்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 5 நிமிஷத்துக்கு மேல் என்ஜினைச் சும்மா ஓட விடக் கூடாது என்று சட்டம். தனியாக ஏ.சி.க்கு ஏற்பாடு இல்லாத வண்டியென்றால் உள்ளே அடுப்புதான். மூன்று மணிக்கு வண்டியை எடுத்ததும் முதல் வேலையாக மைக்கை அமுக்கி "ரோடு எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். ஏ.சி. காற்று அவர் முகத்துக்கு உடனே வந்துவிடும். தலைக்கு மேலே இருக்கிற அலமாரிக்கு வர வெகு நேரமாகும்.

இப்போது நான் செய்த வேலைக்கு வருகிறேன். நான் முதலில் சேர்ந்த கம்பெனி, பெயர் வேண்டாம், இந்த மாதிரி ரேடியோக்கள் விற்றுப் பழுதும் பார்த்தது. வாரண்டியில் திரும்பி வருகிற செட்டுகளைப் பிரித்து, ஏன் கெட்டது என்று எழுதுவது என் பொறுப்பு. நிறைய செட்டுகளில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். டிரைவர் கைப்பட எழுதியது: "கொஞ்ச நேரம் பேசினால் செத்துப்போகிறது. ஆறினால் பிழைக்கிறது." எங்கள் ஆட்கள் மேஜையில் வைத்து நாலு நிமிஷம் சோதிப்பார்கள். எல்லாம் சரியாக இருக்கும். "பழுது எதுவும் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வைத்தியர் வீட்டுக்குப் போனதும் காய்ச்சல் இறங்கிவிடுகிற கதை.

ஒரு செட் மூன்றாவது தடவையாக வந்தது. டிரைவர் கலிஃபோர்னியாவில் இருக்கும் பஞ்சாபிக்காரர். அமெரிக்க லாரித் தொழிலில் இப்போது பஞ்சாபிகள் ஏராளம், சாலையோர தாபாவில் பராட்டாவே கிடைக்கிறது. அவரே போன் பண்ணிவிட்டார். நம்ம ஹிந்தி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அவர் ஆங்கிலமும் என் ஹிந்தியும் சேர்ந்து ஒரு வழியாகப் பேசினோம்.

"பாயி சாப், நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்களா?" என்றார்.

"இல்லீங்க, இங்கே வந்தா நல்லா வேலை செய்யுது."

"இங்கே செய்யலை. அதான் கேக்கறேன்."

அவர் சொன்ன சம்பவம் இது. மாலை நேரம், பாலைவனச் சாலை. முன்னால் போனவர் 19-ல் "ரெண்டு லேனும் அடைச்சிருக்கு" என்று கத்துவது இவருக்குக் கேட்டது. பிரேக் போட்டுக்கொண்டே மைக்கை எடுத்து, பின்னால் வருகிறவர்களுக்கு இவரும் அதையே சொன்னார். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. பின்னால் வந்த லாரி வேகம் குறைக்கவே இல்லை. கடைசி நேரத்தில் சாலையோரம் இறங்கி, சரளைக் கல்லில் இழுத்துக்கொண்டு போய் நின்றது. இறங்கி வந்த அந்த டிரைவர் இவரைப் பிடித்துக்கொண்டார். "ரேடியோ வெச்சிருக்கியே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

கவனியுங்கள். இவருடைய செட்டில் கேட்பது கேட்டுக்கொண்டேதான் இருந்தது. பேசுவது மட்டும் போய்ச் சேரவில்லை. அது அவருக்கே தெரியாது. முழுசாகச் செத்த பெட்டியால் இவ்வளவு ஆபத்து இல்லை. செத்தது தெரிந்தால் ஆள் உஷாராக இருப்பார். பாதி செத்த பெட்டிதான் ஆளைக் கவிழ்க்கும்.

வெப்பச் சோதனை அறை ஒன்று எங்களிடம் இருந்தது. ஆனால் அது புது மாடல்களுக்குத்தான், திரும்பி வந்த பழைய சரக்குக்கு இல்லை. ஒரு சனிக்கிழமை அனுமதி கேட்டு வாங்கி, அந்தச் செட்டை 60 டிகிரியில் வைத்தேன். ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு. மைக் முன்னால் ஒரு ஸ்பீக்கரில் பேச்சை ஓடவிட்டு, அமுக்கு, விடு, அமுக்கு, விடு என்று மாற்றி மாற்றி. அரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் மீட்டர் முள் விழுந்தது. பவர் பூஜ்யம். ரிசீவர் ஜோராகப் பாடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து, குளிர்விக்கிற ஸ்பிரேயை ஒவ்வொரு இடமாக அடித்துக்கொண்டே வந்தேன். நம்ம நடு ஆள் இருக்கிறாரே, அவர் காலில் அடித்ததும் முள் எழுந்து நின்றது.

லென்ஸ் வைத்துப் பார்த்தால், அந்தக் காலைச் சுற்றி சால்டரில் மயிரிழை மாதிரி ஒரு வட்ட விரிசல். டிரான்ஸிஸ்டர் எரியவே இல்லை. அது உட்கார்ந்திருந்த இடம்தான் விட்டுப்போயிருந்தது.

இது ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் உங்களில் பல பேர் வேறு வேறு பெட்டிகள் செய்கிறீர்கள். அந்த டிரான்ஸிஸ்டரின் உடம்பை ஸ்க்ரூ போட்டு அலுமினியத் தகட்டில் இறுக்கியிருப்பார்கள். கால்கள் மூன்றும் நேராகப் போய் போர்டில் பற்றவைத்திருக்கும். அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 23 மைக்ரான் நீளும். போர்டு அந்த அளவுக்கு நீளாது. இவன் இழுக்கிறான், அவன் வர மாட்டேன் என்கிறான். காலில் வளைவு எதுவும் இல்லாததால் இழுப்பு முழுவதும் அந்தத் துளி சால்டரின்மேல் இறங்குகிறது. ஒவ்வொரு தடவை மைக்கை அமுக்கி விடும்போதும் ஒரு சின்ன இழுப்பு. ஒவ்வொரு பகலுக்கும் இரவுக்கும் ஒரு பெரிய இழுப்பு. இதோடு லாரியின் அதிர்வு வேறு. மலிவு விலை செட்டுகளில் போர்டு ஒருபக்கத் தாமிரம் கொண்ட பீனாலிக் அட்டைதான். ஓட்டைக்குள் உலோகப் பூச்சு கிடையாது. காலைப் பிடித்துக்கொண்டிருப்பது அடியில் இருக்கிற ஒரு மோதிரம் அளவு ஈயம், அவ்வளவுதான். விரிசல் விழுந்தபின்னும் குளிர்ச்சியில் இரண்டு ஓரமும் தொட்டுக்கொண்டு நிற்கும். சூடேறினால் விலகும். ஆகவே டிரைவர் எழுதிய சீட்டு எழுத்துக்கு எழுத்து உண்மை. பொய் சொன்னது எங்கள் மேஜைதான்.

பரிகாரம் ரொம்பச் சின்னது. காலைப் போர்டில் நுழைப்பதற்கு முன் ஒரு சிறு வளைவு கொடுத்துவிட்டால் இழுப்பை அது வாங்கிக்கொள்ளும். இருபக்கத் தாமிரம், ஓட்டைக்குள் பூச்சு உள்ள போர்டு போட்டால் இன்னும் உத்தமம். இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். கூடவே, மூன்றாவதாக, திரும்பி வரும் எல்லா செட்டையும் சூட்டில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்றும் எழுதினேன். மேலதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, "டிரைவர்களைக் கொஞ்சம் கம்மியாகப் பேசச் சொன்னால் என்ன?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார், ஆனால் பாதி வேடிக்கைதான். கடைசியில் கால் வளைவு மட்டும் அடுத்த உற்பத்தியில் வந்தது. போர்டு மாறவில்லை, செலவு. சூட்டுச் சோதனை, ஒரே செட் மூன்றாவது முறை திரும்பினால் மட்டும் என்று ஆயிற்று. மூன்றாவது முறை அனுப்புகிற அளவுக்குப் பொறுமை உள்ள டிரைவர் எத்தனை பேர்? மற்றவர்கள் குப்பையில் போட்டுவிட்டு வேறு கம்பெனி செட்டு வாங்குவார்கள். அது என் கணக்கில் வராது, அவர்கள் கணக்கில் நஷ்டமாகத் தெரியவும் தெரியாது. இது எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம்.

பஞ்சாபிக்காரர் செட்டை நானே பற்றவைத்து அனுப்பினேன். அதற்கப்புறம் அது திரும்பி வரவில்லை. அவரும் போன் பண்ணவில்லை. நம்ம தொழிலில் அதுதான் பாராட்டுக் கடிதம்.

மற்ற உறுப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டருக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு. 85 டிகிரியில் 2000 மணி என்று போட்டிருந்தால், 65 டிகிரியில் 8000 மணி, 45 டிகிரியில் 32000 மணி. வருஷத்துக்கு 3000 மணி ஓடுகிற லாரியில், முதலாவது மூன்று வருஷம்கூட வராது, இரண்டாவது பத்து வருஷம் தாண்டும். 105 டிகிரி கப்பாசிட்டர் போட்டால் கூடுதல் செலவு சில காசுதான். காயில்களில் அசையாமல் இருக்க ஊற்றுகிற மெழுகு சூட்டில் இளகி, அப்புறம் ரோட்டின் குலுக்கல் குரலிலேயே கேட்கும். டிரான்ஸிஸ்டர் ஸ்க்ரூ அதிர்வில் தளர்ந்தால் சூடு ஹீட் சிங்குக்கே போகாது.

இனி, டிரைவர்களே வரவழைத்துக்கொள்கிற சூடு ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் சி.பி. கடைகள் உண்டு. "பீக் அண்ட் ட்யூன்" என்று ஒரு சேவை. செட்டைத் திறந்து, மாடுலேஷனைக் கட்டுப்படுத்தும் உறுப்பை வெட்டிவிட்டு, திருகுகளை எல்லாம் கடைசி வரை திருப்பி, மீட்டரில் பெரிய எண் காட்டுவார்கள். சட்டப்படி செய்யக் கூடாது, ஆனால் நடக்கிறது. மீட்டரில் 4 வாட் 8 வாட்டாகத் தெரிந்தால் டிரைவருக்கு மகிழ்ச்சி. சக்தி இரட்டிப்பானால் எதிரே கேட்பவருக்கு வெறும் 3 டெசிபெல் கூடுதல். அவர் அதை உணர்வாரா என்பதே சந்தேகம். ஆனால் உள்ளே இருப்பவர் நன்றாக உணர்வார், அவருக்கு ஏற்கெனவே 150-க்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதே!

அப்படிப்பட்ட ஒரு கடையில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் இந்த வித்தை செய்ய மாட்டார். யார் வந்து "பவர் ஏத்து" என்று கேட்டாலும், செட்டைத் தொடாமல் வெளியே போய் முதலில் ஆன்டெனாவைப் பார்ப்பார். கண்ணாடிக் கைப்பிடியில் மாட்டியிருக்கும் ஆன்டெனாவின் அடி துருப்பிடித்திருக்கும், ஒயருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும், இல்லையென்றால் வண்டியின் மேற்கூடு ஃபைபர் கண்ணாடி, எர்த்தே இருக்காது. அனுப்பிய சக்தியில் ஒரு பங்கு திரும்பி வந்து கடைசி டிரான்ஸிஸ்டரையே வாட்டும். அதைச் சுத்தம் செய்து ஒரு எர்த் பட்டை போட்டுவிட்டு, "இப்ப பேசிப் பாரு" என்பார். தூரமும் கூடும், சூடும் குறையும். நான் பாதிப் படிப்பு இங்கே படித்தேன், பாதி அவரிடம்.

"பழைய செட்டுதான் சார் கல்லு மாதிரி, இப்ப வர்றதெல்லாம் தகரம்" என்று அங்கேயும் சொல்வார்கள். ஓரளவு உண்மை. பழையதில் தகடு தடிமன், ஹீட் சிங்க் பெரிசு. ஆனால் 1970-களின் செட்டுகளில் செத்தவை எல்லாம் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. மிஞ்சிய கெட்டிக்காரர்களை மட்டும் பார்த்துவிட்டு அந்தத் தலைமுறையையே புகழ்கிறோம். நம் சங்கக் கூட்டத்திலும் இந்தப் பழக்கம் உண்டு, சீனியர்கள் மன்னிக்கவும்.

ஃபேன் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வைக்கலாம். ஆனால் பெட்டிக்குள் ஊதுகிற மாதிரி வைத்தால் புழுதியும் டீசல் கரியும் உள்ளே போய் வேறு வியாதி வரும். முதுகில் இருக்கும் தகட்டின்மேல், வெளிப்பக்கம், கம்ப்யூட்டரில் வருகிற 12 வோல்ட் ஃபேன் ஒன்று மெதுவாகச் சுற்றினால் போதும். அதுவும் இல்லையென்றால் செலவே இல்லாத வழி: ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, அடியிலும் பின்னாலும் இரண்டு விரல் இடம் விட்டு மாட்டுவது. முடிந்தால் தலைக்கு மேலே வேண்டாம், முழங்காலுக்குப் பக்கத்தில், நிழலில். ஒயர் நீட்டுகிற வேலை அரை மணி நேரம். என் கணக்கில் எந்தப் பவர் டிரான்ஸிஸ்டர் மாற்றத்தையும்விட அந்த அரை மணி நேரம் மேல்.

இன்னொன்று. எஃப்.சி.சி. விதிப் புத்தகத்தில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. ஒரு உரையாடல் 5 நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் அப்புறம் ஒரு நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு வழி விடத்தான் அதை எழுதினார்கள். ஆனால் அதன்படி நடந்த டிரைவர்களின் செட்டுகளுக்கு ஆற ஒரு நிமிஷம் கிடைத்தது.

இப்போது நான் வேறு கம்பெனியில் வேறு பெட்டிகள் பார்க்கிறேன். லாரியில் போவதுதான், ரேடியோ இல்லை. முதல் நாளே வெப்ப அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். திரும்பி வருகிற சரக்குக்கும் அந்த அறை உண்டா என்று கேட்டேன். வாரத்தில் ஒரு நாள் தருகிறார்கள், வியாழக்கிழமை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், பந்தியும் தயார் என்கிறார்கள். கேள்விகள் இருந்தால் சாப்பாட்டு மேஜையில் கேளுங்கள், சளைக்காமல் பதில் சொல்கிறேன்.